பி.எட். முதலாண்டில் வரும் மைக்ரோ டீச்சிங் என்றால் என்ன, அது எதற்கு?

ஒரே ஒரு கற்பித்தல் திறனை மட்டும் எடுத்து, சக மாணவர்கள் 5 முதல் 10 பேர் முன்னால் சில நிமிடம் பாடம் நடத்திப் பழகுவதுதான் மைக்ரோ டீச்சிங், அதாவது நுண்ணிலைக் கற்பித்தல். 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவானது.

நம்மூரில் வழக்கமான சுற்று 36 நிமிடம்: கற்பிக்க 6, குறை நிறை கேட்க 6, திட்டத்தைத் திருத்த 12, மறுபடி கற்பிக்க 6, மறுபடி கருத்துக் கேட்க 6. திருத்தத்துக்குத்தான் அதிக நேரம். பலர் அதைத்தான் அரட்டையில் கழிக்கிறார்கள்.

ஏன் ஒரே திறன்? குரல், கரும்பலகை, கேள்வி எல்லாவற்றையும் ஒன்றாகக் கவனித்தால் எதில் சறுக்கினோம் என்றே தெரியாது. தோவாளையில் பூக்கட்டப் பழகுகிறவர், முடிச்சு கைக்கு வந்த பிறகுதானே மாலைக்குப் போவார்?

துருவிக் கேட்கும் திறனை எடுத்துக்கொள்வோம். "குமரி மாவட்டத்துக்கு ஏன் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கிறது?" "மலை இருக்கு சார்." இங்கே "சரி, உட்காரு" என்றால் அந்தத் திறனுக்கு மதிப்பெண் போச்சு. "மலை எந்தப் பக்கம்? ஜூன் மாதம் காற்று எங்கிருந்து வருது?" என்று அடுத்தடுத்துக் கேட்க வேண்டும்.

முழுப் பாடத்தையும் 6 நிமிடத்தில் சுருக்கி முடிப்பதுதான் மைக்ரோ டீச்சிங் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, பாடம் பாதியில் நின்றாலும் எடுத்துக்கொண்ட திறன் சரியாக வந்ததா என்பதைத்தான் பார்ப்பார்கள்.