விக்கிக்கு 37 கோரிக்கைகள், நிரல் எழுத ஒரே ஆள்: எதை முதலில் எடுப்பது?

வாசகர் கேள்வி: எங்கள் வட்டாரத்து மரங்கள், மூலிகைகள், அவற்றின் ஊர்ப்பெயர்கள் ஆகியவற்றைத் தொகுக்க ஒரு விக்கி நடத்துகிறோம். மென்பொருள் மீடியாவிக்கி 1.35. சுமார் 3,000 பக்கங்கள், தொடர்ந்து எழுதுபவர்கள் பதினைந்து பேர். என்ன வசதி வேண்டும் என்று கேட்டோம், 37 கோரிக்கைகள் வந்துவிட்டன. அகரவரிசை சரியாக வரவேண்டும், வாட்ஸ்அப் போலப் பதில் பொத்தான் வேண்டும், தேடல் சரியில்லை, செடி விவரத்துக்குப் படிவம் வேண்டும், சரிபார்த்த பிறகே பக்கம் வெளியாக வேண்டும், செயலி வேண்டும் என்று நீள்கிறது. நிரல் எழுதத் தெரிந்தவர் என் தம்பி மட்டும்தான், அதுவும் வார இறுதியில். வாக்கெடுப்பு வைத்து அதிக வாக்கு வாங்கியதிலிருந்து தொடங்கலாமா? மீடியாவிக்கியின் மூல நிரலிலேயே மாற்றங்களைச் செய்துவிடலாமா? ஒரு சிறிய மாற்றம் ஏற்கெனவே செய்திருக்கிறோம்.

பதில்: வாக்கெடுப்பு வையுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு வேலைகள் இருக்கின்றன. அவற்றை முடித்தால் இந்த 37-இல் கணிசமான பகுதி தானாகவே உதிர்ந்துவிடும்.

முதல் வேலை பதிப்பை உயர்த்துவது. 1.35 என்பது 2020-இல் வந்த நீண்டகால ஆதரவுப் பதிப்பு. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023-உடன் நின்றுவிட்டன, ஆகவே வசதி எதுவும் வேண்டாம் என்றாலும் நீங்கள் நகர்ந்தே ஆகவேண்டும். மீடியாவிக்கி ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பை வெளியிடுகிறது. சாதாரணப் பதிப்புக்கு ஓராண்டு ஆதரவு, நீண்டகாலப் பதிப்புக்கு மூன்றாண்டு. உங்கள் அளவுக் குழுக்கள் இடையில் வருவதை எல்லாம் விட்டுவிட்டு, நீண்டகாலப் பதிப்புகளில் மட்டும் கால் வைத்துப் போவதுதான் நல்லது. 2024 டிசம்பரில் வந்த 1.43 அப்படிப்பட்டது, 2027 டிசம்பர் வரை ஆதரவு உண்டு. 1.35-இலிருந்து அதற்கு நேராகவே போகலாம். ஆனால் அதற்கு, மீடியாவிக்கி எழுதப்பட்டிருக்கும் நிரல்மொழியான பிஎச்பி-யின் 8.1 பதிப்பு வேண்டும். 1.35-ஐ ஓட்டிக்கொண்டிருக்கும் சர்வரில் பெரும்பாலும் 7 வரிசைதான் இருக்கும், எனவே வாடகை சர்வர் என்றால் அவர்களிடம் முதலில் இதைக் கேட்டுவிடுங்கள்.

இதை ஏன் திட்டத்தின் தலையில் வைக்கிறேன் என்றால், உங்கள் பட்டியலில் உள்ள சிலவற்றை ஏற்கெனவே யாரோ செய்து முடித்துவிட்டார்கள். உரையாடல் பக்கத்தில் பதில் பொத்தான், உங்களை யாராவது குறிப்பிட்டால் அறிவிப்பு, நன்றி சொல்லும் பொத்தான் ஆகிய மூன்றும் 1.43 தொகுப்போடு சேர்ந்தே வருகின்றன. கைப்பேசிக்கென வடிவமைத்த மினர்வா தோற்றமும் அதில் உண்டு. தனிச் செயலி கேட்டவரிடம் கைப்பேசியில் அந்தத் தோற்றத்தைக் காட்டுங்கள். அதன் பிறகும் அவருக்குச் செயலி வேண்டுமென்றால் அப்போது பேசலாம். என் கணிப்பு, கேட்கமாட்டார்.

இரண்டாவது வேலைக்கு நிரலே தேவையில்லை. கோரிக்கை ஒவ்வொன்றையும் "இந்த வசதி வேண்டும்" என்பதிலிருந்து "இந்த இடத்தில் இப்படித் திண்டாடுகிறேன்" என்று மாற்றி எழுதச் சொல்லுங்கள். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா நிறுவனம் 2015-இலிருந்து நடத்திய சமூக விருப்பப் பட்டியல் வாக்கெடுப்பிலும் இதைத்தான் கேட்டார்கள்: தீர்வை எழுதாதே, பிரச்சினையை எழுது. அங்கே இன்னொன்றும் உண்டு. அதிக வாக்கு வாங்கியது அப்படியே வேலைக்குப் போய்விடாது. செய்ய முடியுமா, எவ்வளவு சிக்கல் என்று நிரலர்கள் பார்த்த பிறகுதான் முடிவாகும். வாக்கு என்பது எத்தனை பேருக்கு வலிக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். அந்த வலிக்கு எது மருந்து, அதைச் செய்ய எவ்வளவு ஆகும் என்பதை வாக்கு சொல்லாது.

உங்கள் அகரவரிசைக் கோரிக்கையையே எடுத்துக்கொள்வோம். "பகுப்புப் பக்கங்களுக்குத் தனி வரிசை நிரல் எழுத வேண்டும்" என்று யாரோ எழுதியிருப்பார். உண்மையான பிரச்சினை என்ன? பகுப்பில், அதாவது ஒரே வகைப் பக்கங்களைத் தொகுத்துக் காட்டும் பட்டியலில், பனை முதலிலும் பலா பிறகும் வருகிறது. மீடியாவிக்கி இயல்பாக யூனிகோடு (கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் எண் கொடுக்கும் முறை) எண் வரிசைப்படி அடுக்குகிறது. யூனிகோடில் ன என்ற எழுத்து ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும் வைக்கப்பட்டிருக்கின்றன. ழ, ள இரண்டும்கூட இடம் மாறியிருக்கின்றன. புள்ளிக்கான எண் எழுத்துகளுக்கும் உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் "அகத்தி"க்குப் பிறகு "அக்கரகாரம்" வரும். அகராதியில் நேர்மாறாக இருக்கும். இதற்கெல்லாம் ஒரு வரி நிரலும் எழுத வேண்டாம். விக்கியின் அமைப்புகள் இருக்கும் லோக்கல்செட்டிங்ஸ் கோப்பில் பகுப்பு வரிசைக்கான அமைப்பைத் தமிழுக்குரிய யூசிஏ (யூனிகோடின் மொழிவாரி அகரவரிசை முறை) வரிசைக்கு மாற்றி, அப்டேட்கொலேஷன் என்ற பராமரிப்பு நிரலை ஒருமுறை ஓட்டினால் போதும். சர்வரில் பிஎச்பி-யின் இன்ட்எல் (intl) நீட்சி இருக்க வேண்டும், அவ்வளவுதான். பத்துப் பேர் வாக்களிக்கக்கூடிய ஒரு பெரிய கோரிக்கை அரை மணி நேர வேலையாக முடிகிறது.

ஆகவே பிரச்சினை தெளிவானதும் அடுத்த கேள்வி, இதற்கான தீர்வு எங்கே உட்காரும்? அமைப்பு மாற்றத்தில் முடியுமா, வார்ப்புருவில் (பல பக்கங்களில் எடுத்துப் போடும் பொது அச்சு) முடியுமா, பயனர் விருப்பத்தில் போட்டுக்கொள்ளும் கேட்ஜெட் என்ற சிறு நிரல் போதுமா, மென்பொருளோடு கூடுதலாகச் சேர்க்கும் நீட்சி வேண்டுமா, மூல நிரலையே தொட வேண்டுமா? இந்த வரிசையில் கீழே போகப் போக எழுதும் செலவைவிட வைத்துக் காப்பாற்றும் செலவு ஏறும். வார இறுதியில் ஒருவர் மட்டும் இருக்கும் இடத்தில் நான் முன்னுரிமையை இதை வைத்துத்தான் போடுவேன்: அடுத்த நீண்டகாலப் பதிப்புக்கு மாறும்போது இதை யார் சரிபார்ப்பார்? பெயர் சொல்ல முடியாத எதுவும் இந்த ஆண்டுப் பட்டியலில் இருக்க வேண்டாம். நாய்க்குட்டி வாங்கும் நாளில் செலவு குறைவுதான். பிறகு தினமும் சோறு வைப்பது யார் என்பதே கேள்வி.

நீட்சி சேர்ப்பதற்கு முன் அதன் பக்கத்தில் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். உங்கள் பதிப்புக்கான கிளை (அந்தப் பதிப்புக்கெனத் தனியாக வைத்திருக்கும் நிரல்) அதற்கு இருக்கிறதா, கடைசியாக எப்போது மாற்றம் செய்திருக்கிறார்கள்? விக்கிப்பீடியாவில் ஓடும் நீட்சி என்றால் கொஞ்சம் தைரியமாக இருக்கலாம், ஏனென்றால் உடைந்தால் அவர்களுக்கு முதலில் வலிக்கும்.

தேடல் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் விக்கி நடத்தும் யாரைக் கேட்டாலும் முதல் குறை அதுதான். மீடியாவிக்கியோடு வரும் தரவுத்தளத் தேடலுக்குத் தமிழ் வேற்றுமை உருபு தெரியாது. "வேம்பு" என்று தேடினால் "வேம்பின்" என்று மட்டும் எழுதியிருக்கும் பக்கம் வராது. "வேப்பம்பூ" பற்றிக் கேட்கவே வேண்டாம். இதற்கு உடனே வரும் யோசனை சிர்ரஸ்சர்ச் நீட்சி. நல்ல நீட்சிதான், விக்கிப்பீடியாவே அதைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் அதற்குப் பின்னால் தனியாக ஒரு தேடல் சர்வர் ஓட வேண்டும். ஜாவாவில் எழுதிய அது நினைவகத்தைத் தாராளமாகத் தின்னும். 3,000 பக்கத்துக்கு அதை நிறுவி, பதிப்பு மாறும்போதெல்லாம் அதையும் சேர்த்து மாற்றுவது உங்கள் தம்பியின் வார இறுதிகளை விழுங்கிவிடும். போட்டாலும் தமிழ்ச் சொல்லின் திரிபுகள் எல்லாம் ஒன்றுசேர்ந்து வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அதற்குப் பதில் இதைச் செய்யுங்கள். மீடியாவிக்கியில் தேடும் சொல் முகவரியிலேயே போகிறது, ஆகவே சர்வரின் அணுகல் பதிவுக் கோப்பில் அது விழுந்திருக்கும். ஒரு மாதப் பதிவை எடுத்து, குறியீடாக இருக்கும் தமிழைத் திரும்ப எழுத்தாக்கி, மக்கள் உண்மையில் என்ன தேடினார்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஐபி முகவரி போன்றவற்றை நீக்கிவிட்டுத்தான் குழுவோடு பகிர வேண்டும். அந்தச் சொற்களை நீங்களே விக்கியில் போட்டுத் தேடிப் பாருங்கள். ஆடாதோடை, ஆடாதொடை, கீழாநெல்லி, கீழ்க்காய்நெல்லி என்று ஒரே செடி பல எழுத்தில் வந்து நிற்கும். கிடைக்காத ஒவ்வொன்றுக்கும், சரியான பக்கத்துக்குத் தானாகக் கொண்டுபோகும் ஒரு வழிமாற்றுப் பக்கம் போட்டால் முடிந்தது. நிரல் தெரியாத பதினான்கு பேரும் செய்யக்கூடிய வேலை இது. ஊர்ப்பெயர் தொகுப்பதே உங்கள் நோக்கம் என்பதால் இது பக்க வேலையும் இல்லை. கூடவே, உதவிப் பக்கத்தில் "வேம்ப*" என்று உடுக்குறி போட்டுத் தேடும் முறையை எழுதி வையுங்கள். இவ்வளவும் செய்து ஆறு மாதம் ஆன பிறகும் குறை இருந்தால் சிர்ரஸ்சர்ச் பக்கம் போகலாம்.

செடி விவரப் படிவம்தான் உண்மையில் உங்கள் தம்பியின் நேரத்துக்குத் தகுதியான வேலை என்று எனக்குப் படுகிறது. பூக்கும் மாதம், பூவின் நிறம், ஊர்ப்பெயர்கள், காணப்படும் இடம் என்று எல்லாப் பக்கத்திலும் ஒரே மாதிரி விவரம் இருக்கிறது. பேஜ் ஃபார்ம்ஸ் நீட்சியும் கார்கோ நீட்சியும் சேர்ந்தால், படிவத்தில் நிரப்பியது வார்ப்புருவாகப் பக்கத்தில் உட்காரும், அதே விவரம் அட்டவணையாகவும் சேமிக்கப்படும். "தை மாதம் மஞ்சளாகப் பூப்பவை" என்று ஒரு பக்கத்தைத் தானாக உருவாக்கலாம். வார்ப்புருவின் கட்டங்களை முதலில் தாளில் எழுதி முடிவு செய்யுங்கள். ஐம்பது பக்கத்தில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போங்கள், ஏனென்றால் கட்டத்தின் பெயரை 3,000 பக்கத்துக்குப் பிறகு மாற்றுவது வேறு விதமான வேதனை.

சரிபார்த்த பிறகு வெளியிடும் வசதிக்கு ஜெர்மன் விக்கிப்பீடியா 2008 முதல் ஃபிளாக்டுரெவ்ஸ் நீட்சியைப் பயன்படுத்துகிறது. சிறு விக்கிக்கு அது மிகச் சிக்கலானது. அப்ரூவ்டு ரெவ்ஸ் என்ற எளிய நீட்சி இருக்கிறது. அதையும் எல்லாப் பக்கத்துக்கும் போடாதீர்கள். மருந்தளவு சொல்லும் மூலிகைப் பக்கங்களுக்கு மட்டும் போட்டால் போதும். பதினைந்து பேரில் மூன்று பேர் சரிபார்ப்பவர்கள் என்றால், மற்ற பன்னிரண்டு பேர் எழுதியது வரிசையில் காத்திருக்கும், பிறகு எழுதுவதையே விட்டுவிடுவார்கள்.

வேலை முடிந்த வசதியை எப்படி வெளியிடுவது என்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும். பெரிய இடங்களே இதில் அடிபட்டிருக்கின்றன. 2013 ஜூலையில், விக்கிக் குறியீடு இல்லாமல் பக்கத்தைப் பார்த்தபடியே தொகுக்க உதவும் விசுவல் எடிட்டரை ஆங்கில விக்கிப்பீடியாவில் இயல்புநிலையாக்கினார்கள். பழைய பயனர்களின் எதிர்ப்பு வலுத்து, செப்டம்பரில் அது விரும்புபவர்கள் மட்டும் போட்டுக்கொள்ளும் வசதியாகச் சுருங்கியது. உரையாடல் பக்கங்களின் கதை இன்னும் நீளம். முதலில் லிக்விட்த்ரெட்ஸ், அப்புறம் ஃப்ளோ என்று பக்கத்தின் அமைப்பையே மாற்றும் முயற்சிகள் நடந்தன. எழுதிப் பழகியவர்களுக்கு இரண்டுமே ஒட்டவில்லை. 2019-இல் எல்லா மொழிச் சமூகங்களிடமும் கருத்துக் கேட்ட பிறகு, பழைய உரையாடல் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு அதன்மேல் ஒரு பதில் பொத்தானை மட்டும் வைத்தார்கள். அதுதான் இப்போது 1.43-இல் உங்களுக்குக் கிடைப்பது. கணினித் திரைக்கான புதிய வெக்டர் தோற்றத்தை 2020-இலிருந்தே முன்வந்த சில விக்கிகளில் போட்டுப் பார்த்து, 2023 ஜனவரியில்தான் ஆங்கில விக்கிப்பீடியாவுக்குக் கொண்டுவந்தார்கள். அப்போதும் சண்டை வந்தது, ஆனால் திரும்பப் பெறும் அளவுக்குப் போகவில்லை. நீங்கள் புதிதாகச் சேர்ப்பதை முதலில் விருப்பங்கள் பக்கத்தில் ஒரு கேட்ஜெட்டாக வையுங்கள். யார் இயக்குகிறார்கள், யார் அணைத்துவிடுகிறார்கள் என்று இரண்டு மாதம் பாருங்கள். சுட்டியை இணைப்பின்மேல் வைத்தால் பக்க முன்னோட்டம் தெரியுமே, அந்த மாதிரி வசதி ஆங்கில விக்கிப்பீடியாவில் பல ஆண்டுகள் கேட்ஜெட்டாகவும் சோதனை வசதியாகவும் வாழ்ந்த பிறகுதான் 2018-இல் எல்லா வாசகருக்கும் போனது.

இடைமுகத்தில் தமிழ்ச் சொல் சரியில்லை என்ற கோரிக்கைகளும் 37-இல் இருக்கும் என்று நினைக்கிறேன். அவற்றை உங்கள் விக்கிக்குள் மட்டும் திருத்தாதீர்கள். மீடியாவிக்கி இடைமுகத்தை மொழிபெயர்க்கும் டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் கணக்குத் தொடங்கித் திருத்தினால் அடுத்த பதிப்பில் உங்களுக்கும் வரும், மற்ற தமிழ் விக்கிகளுக்கும் போகும், பராமரிப்பு உங்கள் தலையில் இருக்காது.

கடைசியாக, மூல நிரலில் கை வைப்பது. வேண்டாம். மீடியாவிக்கியில் ஏறக்குறைய எல்லா முக்கிய இடங்களிலும் ஹூக் எனப்படும் கொக்கிகள் இருக்கின்றன. உங்கள் நிரலை ஒரு சிறு நீட்சியில் வைத்து அங்கே மாட்டிவிடலாம். தேவையான இடத்தில் கொக்கியே இல்லை, அல்லது அது மீடியாவிக்கியின் பிழைதான் என்றால் மீடியாவிக்கியின் பிழைகளையும் பணிகளையும் பதியும் ஃபேப்ரிகேட்டர் தளத்தில் தேடுங்கள். ஏற்கெனவே பணி திறந்திருந்தால் உங்கள் அனுபவத்தை அங்கே எழுதுங்கள், இல்லையென்றால் புதிதாகத் திறங்கள். தம்பிக்கு விருப்பம் இருந்தால் நிரல் திருத்தங்களை மறுபார்வை செய்யும் கெரிட் தளத்தில் திருத்தம் அனுப்பலாம், ஆனால் மறுபார்வைக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்ல முடியாது, அதை நம்பித் தேதி குறிக்காதீர்கள்.

ஏற்கெனவே செய்த அந்தச் சிறிய மாற்றத்தை, பதிப்பை உயர்த்துவதற்கு முன்பே கண்டுபிடித்து வெளியே எடுத்துவிடுங்கள். உங்கள் சர்வரில் உள்ள அதே 1.35 துணைப்பதிப்பின் மூலத்தைத் தனியாக இறக்கி, இரண்டு கோப்புறைகளையும் டிஃப் கட்டளையால் ஒப்பிட்டால் எந்தக் கோப்பில் என்ன மாறியிருக்கிறது என்பது வந்துவிடும். தரவுத்தளம், படங்கள், லோக்கல்செட்டிங்ஸ் மூன்றையும் நகல் எடுத்து, வேறொரு முகவரியில் சோதனை விக்கி ஒன்றை 1.43-இல் எழுப்பி, அந்த மாற்றத்தை நீட்சியாக எழுதி அங்கே ஓட்டிப் பாருங்கள். இதைச் செய்யாமல் உயர்த்தினால் புதிய கோப்புகள் பழைய மாற்றத்தைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. என்றோ ஒரு நாள் யாராவது "முன்பு இது வேலை செய்ததே" என்று கேட்கும்போதுதான் தெரியவரும்.