கடைசி இருக்கையில் ஒரு மகள்

அன்புள்ள ஐயா,

நாமக்கல் மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாகப் பேருந்து ஓட்டுகிறேன். என் மகள் அதே பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். கட்டணத்தில் பாதியை நிர்வாகம் தள்ளுபடி செய்கிறது. வண்டி இரவில் எங்கள் ஊரில்தான் நிற்கும் என்பதால், காலையில் முதலில் ஏறுபவளும் மாலையில் கடைசியாக இறங்குபவளும் அவள்தான். சென்ற நவம்பரில் வண்டி கால்மணி நேரம் தாமதமானதற்காக ஒரு மாணவனின் தந்தை எல்லாப் பிள்ளைகளின் முன்பும் என்னை ஒருமையில் ஏசினார். அன்றிலிருந்து அவள் வண்டிக்குள் என்னை 'அப்பா' என்று அழைப்பதில்லை. கடைசி இருக்கைக்குப் போய்விடுகிறாள். எல்லோரும் இறங்கிய பிறகுதான் முன்னால் வந்து உட்காருவாள். நிர்வாகியோ, 'டிரைவரின் பெண்ணே அதில்தான் வருகிறாள், கவலைப்படாதீர்கள்' என்று பெற்றோரிடம் சொல்கிறார். எனக்கு அது பெருமையாக இல்லை. அவளை அரசுப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன். என்னை நினைத்து வெட்கப்படுகிறாளா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

நிர்வாகியின் பேச்சு உங்களுக்கு ஏன் உறுத்துகிறது என்பது எனக்குப் புரிகிறது. உங்கள் மகள் ஏறாத ஆண்டுகளில் நீங்கள் எப்படி ஓட்டினீர்கள் என்ற கேள்வி அதற்குள் ஒளிந்திருக்கிறது. ஒன்பது ஆண்டுத் தொழில்திறமையை ஒரு தகப்பனின் பயமாகச் சுருக்கிவிட்டு, அதையே பாராட்டாகவும் அவர் நினைத்துக்கொள்கிறார்.

பாசத்தை நம்பிப் பள்ளி வண்டிகளை ஓட்ட முடியாது என்பதை நாம் மிகுந்த விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டோம். 2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், சேலையூர்ப் பள்ளி ஒன்றின் பேருந்துத் தளத்திலிருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சாலையில் விழுந்து இறந்தாள். பள்ளி வாகனங்களுக்கான சிறப்பு விதிகளை அரசு கொண்டுவந்தது அதற்குப் பின்புதான். 2022 மார்ச்சில் வளசரவாக்கத்தில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே பின்னோக்கி வந்த வாகனத்தில் ஒரு சிறுவன் நசுங்கிய பிறகு, முன்னும் பின்னும் கேமரா வேண்டும் என்பது சேர்க்கப்பட்டது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, உதவியாளர் என்று நீளும் அந்த விதிகள் எதிலும் ஓட்டுநர் யாருக்குத் தந்தை என்ற கேள்வியே இல்லை. அதுவே முறை. தளத்தில் விழுந்த ஓட்டையை எந்தத் தகப்பனின் அன்பும் அடைத்துவிடாது.

2024 ஜூலையில் வெள்ளகோவிலில் நடந்ததை நீங்கள் என்னைவிட நன்றாக அறிந்திருப்பீர்கள். அதுவும் உங்கள் கொங்கு வட்டாரம்தான். மாரடைப்பு வந்த நிலையிலும் ஒரு பள்ளி வாகன ஓட்டுநர் வண்டியைச் சாலையோரம் பத்திரமாக நிறுத்திவிட்டு இறந்துபோனார். உள்ளே இருந்த பிள்ளைகள் அனைவரும் தப்பினார்கள். அவருடைய மனைவியும் அதே வண்டியில் உதவியாளராக இருந்தார். மனைவிக்காக நிறுத்தினாரா, ஊரார் பிள்ளைகளுக்காக நிறுத்தினாரா என்று யாரும் பிரித்துக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் பிரேக்கைத் தேடிய காலுக்கு உறவுமுறை தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆண்டுக்கணக்கான பழக்கம்தான் அதை வழிநடத்தியிருக்கும்.

இனி உங்கள் மகளைப் பற்றி. என் தாயார் நான் படித்த ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஆசிரியை. நான்காம் வகுப்பு முழுவதும் நான் அவரை 'டீச்சர்' என்றே அழைத்தேன். ஒருமுறை வாய்தவறி 'அம்மா' என்றதற்கு வகுப்பே சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு பொறாமையும் இருந்தது; ஆசிரியையின் மகன் என்பது அங்கே ஒரு தகுதி. ஓட்டுநரின் மகளுக்குத் தனியார் பள்ளியில் அந்தச் சலுகை கிடைப்பதில்லை. தன் தந்தையைப் பக்கத்து இருக்கைச் சிறுவன் 'டிரைவர்' என்று கூப்பிடுவதைத் தினமும் இரண்டு வேளை கேட்டபடி அவள் பயணம் செய்கிறாள். சேட்டை செய்யும் பையனை நீங்கள் அதட்டினால், இடைவேளையில் அதற்கான பதிலை அவள் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு அதை வெட்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது. வேலை ஒன்பது ஆண்டுகளாக அதே வேலைதான். அவள் 'அப்பா' என்பதை நிறுத்தியது நவம்பரில், உங்களை ஒருவர் ஏசியதைப் பார்த்த பிறகு. மகளாக அந்த இடத்தில் நின்றிருந்தால் அவள் ஏதாவது பேசியிருக்க வேண்டும். பேசினால் உங்கள் வேலைக்கு ஆபத்து என்பதும் பன்னிரண்டு வயதில் தெரியும். மகளாகவே இல்லாமல் போய்விட்டால், அவள் பார்த்தாள் என்ற பாரம் இல்லாமல் நீங்கள் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். தான் பார்த்ததை உங்களிடமிருந்து மறைக்கத்தான் அவள் கடைசி இருக்கைக்குப் போகிறாள் என்றே எனக்குத் தோன்றுகிறது. நான் தவறாகவும் இருக்கலாம். அவளை எனக்குத் தெரியாது.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன். ஆயா வராத நாள்களில் பிள்ளைகளை எண்ணுவது, கதவைத் திறந்துவிடுவது, சின்னக் குழந்தைகளைக் கைப்பிடித்து இறக்குவது போன்ற வேலைகளை அவள் தலையில் கட்டாதீர்கள். ஓட்டுநரின் பிள்ளை என்றால் இது இயல்பாகவே வந்து சேரும். உதவியாளரை நியமிப்பது பள்ளியின் கடமை. பாதிக் கட்டணத் தள்ளுபடிக்கு அவள் செய்யும் கைம்மாறாக அது ஆகிவிடக் கூடாது.

அரசுப் பள்ளிக்கு மாற்றுவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. இலவசப் பயண அட்டையோடு டவுன் பஸ்ஸில் தோழிகளுடன் போய்வருவது அவளுக்குப் பிடித்தும் போகலாம். ஆனால் உங்கள் மனம் நோகிறது என்பதற்காக ஜூன் மாதத்தில் திடீரென்று மாற்றினால், 'அப்பா' என்று சொல்லாததற்கான தண்டனையாகவே அவள் அதை எடுத்துக்கொள்வாள். முதலில் அவளிடம் கேளுங்கள். வீட்டில் வேண்டாம், அங்கே மற்றவர்கள் இருப்பார்கள். எல்லோரும் இறங்கிய பிறகு முன்னால் வந்து உட்காருகிறாள் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். கடைசி நிறுத்தத்திலிருந்து உங்கள் ஊர்வரை எத்தனை கிலோமீட்டர் என்று நீங்கள் எழுதவில்லை. மூன்றோ நான்கோ இருந்தாலும் போதும்.