நடைபாதைக் குடும்பத்தின் மூட்டையை லாரியில் ஏற்றலாமா?

கேள்வி: சென்னையில் எங்கள் தெரு நடைபாதையில் ஒரு பூக்காரக் குடும்பம் பல வருடமாகப் படுத்துத் தூங்குகிறது. போன வாரம் மாநகராட்சி ஆட்கள் திடீரென்று வந்து பாய், அடுப்பு, ஆதார் அட்டை இருந்த டிரங்குப் பெட்டி எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். அந்தக் குடும்பத்துக்கு உரிமை ஏதும் உண்டா? அதே இடத்தில் கோரிக்கை எழுதிய அட்டை பிடித்து உட்காரலாமா?

பதில்: நடைபாதையில் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை யாருக்கும் இல்லை. 1985-ல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. ஆனால் பிழைப்பும் உயிர் வாழும் உரிமையில் சேர்த்தி, நோட்டீஸ் கொடுத்து அவர்கள் தரப்பைக் கேட்ட பிறகே அப்புறப்படுத்துவதுதான் முறை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. உங்கள் பிடிமானம் அதுதான். 2024 நவம்பரில் வீடுகளை இடிப்பது பற்றி உச்ச நீதிமன்றம் தந்த 'புல்டோசர்' தீர்ப்பின் 15 நாள் நோட்டீஸை மட்டும் நம்பி இறங்காதீர்கள். சாலை, நடைபாதை ஆக்கிரமிப்புக்கு அது பொருந்தாது என்று அதிலேயே இருக்கிறது.

முதல் வேலை, பெட்டியை மீட்பது. எடுத்துப்போன பொருட்கள், தேதி, நேரம் எல்லாம் எழுதி மண்டல அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டால் அலையவிடுவார்கள். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்து இலவச சட்ட உதவி கேட்கலாம். மனுதாரர் பெண் என்றால் வருமான வரம்பு கிடையாது. அந்தக் குடும்பத்து அம்மா பெயரிலேயே மனு போடுங்கள்.

அட்டை பிடிப்பது பேச்சுரிமைதான். தெருவில் கூட்டம் நடத்துவதை நெறிப்படுத்தலாமே தவிர, அடியோடு தடுக்க முடியாது என்று 1972-ல் ஹிம்மத்லால் ஷா வழக்கில் தீர்ப்பானது. அதற்காகக் காலவரையின்றிப் பாதையை அடைத்து உட்கார முடியாது. 2020-ல் டெல்லி ஷாஹீன் பாக் சாலைப் போராட்டம் பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அந்தக் கதவைச் சாத்திவிட்டது. சில நாள் முன்பே காவல்துறையிடம் எழுதி அனுமதி கேளுங்கள். வள்ளுவர் கோட்டம் மாதிரி வழக்கமாகப் போராட்டம் நடக்கும் இடத்துக்குப் போகச் சொல்லலாம். மறுத்தால், காரணத்தை எழுத்தில் வாங்குங்கள்; நீதிமன்றத்தில் கேள்வி கேட்க அது உதவும்.

அப்புறம், பலரும் விட்டுவிடும் ஒன்று: வாக்காளர் பட்டியல். ஓட்டு இருக்கிறவர் கேட்டால் கவுன்சிலரும் கொஞ்சம் காது கொடுப்பார், என்ன செய்வது! வீடில்லாதவர்கள் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6 கொடுத்தால் முகவரிச் சான்று தேவையில்லை. படுக்கும் இடத்துக்கு வாக்குச்சாவடி அலுவலர் ஒரு இரவுக்கு மேல் வந்து பார்த்து உறுதி செய்வார். குடும்பம் இப்போது வேறு இடத்தில் படுக்கிறது என்றால், அந்த இடத்தையே படிவத்தில் எழுதுங்கள்.