சிறிது தூரம் நடந்தாலே களைப்பு: தாங்குதிறனை வளர்ப்பது எப்படி?

பத்து நிமிடம் நடப்பதற்குள் மூச்சு வாங்கிக் கால்கள் தளர்ந்துவிடுவதாகச் சொல்லி, தாங்குதிறனை வளர்ப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் இரத்தசோகையோ தைராய்டு குறைபாடோ இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள்; அவை இருந்தால் பயிற்சி மட்டும் போதாது. நெஞ்சுவலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நடையை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மற்றபடி, பலரும் தொடக்கத்திலேயே வேகமாக நடந்துவிடுகிறார்கள். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சுக்காக நிறுத்தாமல் பேச முடிகிற வேகமே உங்களுக்கு ஏற்றது. 3 நிமிடம் நடந்து, 1 நிமிடம் நின்று, மீண்டும் நடப்பதாக வாரத்தில் 5 நாட்கள் தொடர்ந்தால், இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு மெல்லக் கூடுவதோடு, கால் தசைகளில் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாக்களும் பெருகுவதால், அதே தூரம் சில வாரங்களில் எளிதாகத் தோன்றும். வேகத்தைக் கூட்டாமல், நடக்கும் நேரத்தை மட்டும் வாரந்தோறும் சில நிமிடங்கள் கூட்டுங்கள்.