சிவப்பைக் காப்பாற்றுவது எப்படி? இலையுதிர்காலப் படங்கள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ரொறன்ரோவிலிருந்து அல்கொன்குயின் பூங்காவுக்கு எந்த வாரத்தில் போனால் நல்ல நிறம் கிடைக்கும்?

பதில்: உங்களுக்குச் சிவப்பு வேண்டுமா, மஞ்சள் வேண்டுமா என்பதைப் பொறுத்தது. அங்கே சுகர் மேப்பிள் மரங்கள் பெரும்பாலும் செப்டம்பர் கடைசி வாரத்துக்கும் அக்டோபர் முதல் வாரத்துக்கும் இடையில் உச்ச நிறத்தை எட்டுகின்றன. கனடாவில் அக்டோபரில் வரும் நன்றி நவிலல் விடுமுறைக்குப் போகலாம் என்று காத்திருப்பவர்கள் பல ஆண்டுகளில் மொட்டைக் கிளைகளைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள். மேப்பிள் உதிர்ந்த பிறகு ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகும். அதற்கும் பின்னால், அக்டோபர் நடுப்பகுதியை ஒட்டி, ஊசியிலை மரமாக இருந்தும் இலை உதிர்க்கும் தமராக் பொன்னிறமாகும். மஞ்சள் நிறமி கோடை முழுவதும் இலைக்குள்ளேயே இருந்து, பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்போ, இலையில் தேங்கும் சர்க்கரையைக் கொண்டு அந்தச் சில வாரங்களில் புதிதாக உருவாகிறது. பகல் வெயிலாகவும், இரவு உறைபனி விழாத அளவுக்குக் குளிராகவும் இருந்தால் அது கூடும். ஆகவே மஞ்சளை நம்பிப் போகலாம், சிவப்பு சில ஆண்டுகளில் ஏமாற்றும். வாகன அனுமதிச் சீட்டை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நேரில் அவ்வளவு அழகாக இருந்த சிவப்பு இலைகள் என் படத்தில் நரம்பே தெரியாமல் சாயம் பூசிய பிளாஸ்டிக் போல இருக்கின்றன. எங்கே பிழை?

பதில்: எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று ஒளிகளையும் கமெரா தனித்தனியாக அளக்கிறது. வெயில் படும் மேப்பிள் இலை சிவப்பை அள்ளித் தருகிறது, மற்ற இரண்டையும் கிள்ளித்தான் தருகிறது. வெளிச்சத்தின் மொத்த அளவைக் காட்டும் வெள்ளை ஹிஸ்டோகிராம் வரைபடத்தில் (இடப்பக்கம் இருள், வலப்பக்கம் வெளிச்சம்) பச்சைக்கே எடை அதிகம் என்பதால், எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் அது காட்டும்போதே சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். நிரம்பிய இடத்தில் மேடும் பள்ளமும் ஒரே அளவாகிவிடுவதால் நரம்பு மறைகிறது.

ஆகவே மூன்று நிறங்களையும் பிரித்துக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திறந்து வையுங்கள். சிவப்பு வரைபடம் வலது சுவரில் மோதினால், மோதாமல் விலகும்வரை எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, குறையுங்கள். கமெராவில் நிறத்தைக் கூட்டிக் காட்டும் ‘விவிட்’ போன்ற பாணி போட்டிருந்தால் திரையில் தெரியும் வரைபடமும் மிகைப்படும் என்பதால் ‘நியூட்ரல்’ வைத்துக்கொள்வது நல்லது. ஒருமுறை நனைந்த பாறையில் ஒட்டிக் கிடந்த ஒற்றை இலையை, கமெரா சொன்ன அளவில் ஒன்றும், அதிலிருந்து ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது பாதி ஒளியில், ஒன்றுமாக எடுத்தேன். சிறிய திரையில் முதல் படம்தான் அழகு. வீட்டில் முழு அளவுக்குப் பெரிதாக்கியபோது, இரண்டாவதில் காம்பிலிருந்து விரிந்த ஐந்து நரம்புகளும் பூச்சி அரித்த ஓர் ஓட்டையின் பழுப்பு விளிம்பும் இருந்தன. முதலாவதில் சிவப்புத் திட்டு மட்டுமே இருந்தது.

கமெராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான்; பதப்படுத்தாத 14 பிட் ரா கோப்பில் 16,384. ஆகவே ராவில் எடுத்திருந்தால், லைட்ரூம் மென்பொருளிலோ இலவசமான டார்க்டேபிளிலோ சிவப்பின் செறிவையும் ஒளிர்வையும் சற்று இறக்கியதும் மறைந்த நரம்பு பல வேளைகளில் திரும்பி வரும். உண்மையிலேயே நிரம்பி வழிந்ததை எந்த மென்பொருளும் மீட்காது.

கேள்வி: மாலை வெயிலில் பொன்னாக இருந்த காடு, படத்தில் வெளிறிப் போகிறது.

பதில்: ஒளியின் நிறச் சாயலைச் சரிசெய்யும் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் அந்தப் பொன்னிறத்தையே பிழை என்று எண்ணித் திருத்திவிடுகிறது. ‘டேலைட்’டில் நிறுத்திவிடுங்கள். நிழலில் எடுக்கும்போது நீல வானத்தின் சாயை விழும் என்பதால் ‘ஷேட்’ பொருந்தும்.

கேள்வி: மென்பொருள் இவ்வளவு செய்யும்போது போலரைசர் தேவையா?

பதில்: வில்லையின் முன் மாட்டும் வடிகட்டிகளில் நான் காட்டுக்கு எடுத்துச் செல்வது அது ஒன்றுதான். இலையின் மெழுகுப் பரப்பில் வானம் பளபளப்பாகப் பிரதிபலித்து நிறத்தை வெண்மையாக மூடுகிறது. போலரைசரைச் சுழற்றினால் அந்தப் பளபளப்பு விலகி, அடியில் இருக்கும் நிறம் வெளிப்படும். பதிவாகாத நிறத்தைக் கணினியில் பிறகு கொண்டுவர முடியாது. மழை ஓய்ந்த மேகமூட்டமான காலையில் இதன் பலனை நன்றாகப் பார்க்கலாம். அப்படிப்பட்ட நாளில் வெளிறிய வானத்தைச் சட்டத்துக்குள் விடாமல் எடுங்கள். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை வெளிச்சம் குறையும் என்பதால் முக்காலி வேண்டும். அகலக்கோண வில்லையில் நீல வானம் ஒரு பக்கம் மட்டும் கறுக்கும். ஏரியில் விழும் பிரதிபலிப்பு வேண்டுமென்றால் பார்த்துச் சுழற்றுங்கள், அதையும் அழித்துவிடக்கூடும்.

கேள்வி: நிறத்தைக் கூட்ட மென்பொருளில் எந்த ஸ்லைடர் நல்லது?

பதில்: கூட்டுவதற்கு முன், எதைக் குறைக்கலாம் என்று பாருங்கள். நிழல்களைச் சற்று ஆழமாக்கி, நீலத்தின் செறிவை இறக்கினாலே பக்கத்தில் நிற்கும் செம்மஞ்சள் தானாக எழும்பும். அப்படியும் போதாவிட்டால், ஏற்கெனவே செறிந்த நிறங்களை அதிகம் தொடாத வைப்ரன்ஸைக் கொஞ்சம் ஏற்றலாம். சாச்சுரேஷன் எல்லாவற்றையும் ஒரே அளவில் ஏற்றிச் சிவப்பை மறுபடி சுவரில் மோதவிடும். இன்னொன்று: படத்தில் நாம் பச்சை என்று பார்க்கும் இலைகளில் பெரும்பகுதி, மென்பொருளின் கணக்கில் மஞ்சள். ஆஸ்பெனுக்காக மஞ்சள் ஸ்லைடரை இழுத்தால் பின்னால் நிற்கும் பைன் மரமும் காமாலை பிடித்ததுபோல் ஆகிவிடும் என்பதால், மற்ற இடங்களை மறைத்துவைக்கும் மாஸ்க் போட்டு வேண்டிய மரத்தை மட்டும் தொடுங்கள்.

கேள்வி: கைபேசி போதாதா?

பதில்: இணையத்தில் பகிரப் போதும். இலையைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்து எடுங்கள். முதலில் வில்லையைத் துடையுங்கள்.

கேள்வி: பச்சை இலையைக் கணினியில் சிவப்பாக்குவது ஏமாற்றா?

பதில்: இருந்த நிறத்தைத் தெளிவாக்குவது ஒன்று, இல்லாத நிறத்தை நடுவது இன்னொன்று, இரண்டாவதை இப்போது நான் செய்வதில்லை. தொடக்கத்தில் செய்தேன். செப்டம்பர் நடுப்பகுதியில் எடுத்த பச்சை மலைச்சரிவை முழுச் செம்மஞ்சளாக மாற்றி நண்பர் ஒருவரிடம் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தவர், கரையோரத்து அல்லி இலைகளைச் சுட்டி, “இவை மட்டும் ஏன் தீப்பிடித்தாற்போல் இருக்கின்றன?” என்று கேட்டார்.