பாலத்துக்குக் கீழே: கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். ராமநாதபுரம் கல்லூரிக்குப் போய்வரும் பஸ்ஸில் ராக் பாட்டுதான் எனக்குத் துணை. எதைக் கேட்டாலும் தனிமை, போதை, அன்புக்கு ஏக்கம். ஒரு பாட்டின் பொருளை அப்பாவிடம் சொன்னேன். "கெட்டுப்போனவன் ஒப்பாரி. இத எதுக்குக் கேக்குற?" என்றார். இவை போதையைக் கொண்டாடும் பாட்டுகளா?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

ஒப்பாரி என்பதை அப்பா வசையாகத்தான் சொல்லியிருப்பார். ஆனால் பொருத்தமான சொல். கொண்டாடுகிற பாட்டுகளும் உண்டு. எனக்கு அவை இரண்டாம் முறையிலேயே சலித்துவிடும். ஒப்பாரிகள்தான் கூடவே இருக்கின்றன.

ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் 'அண்டர் தி பிரிட்ஜ்' (பாலத்துக்குக் கீழே) கேட்டிருப்பீர்கள். 1991இல் வந்த ஆல்பத்தில் உள்ளது. அவர்களின் கிதார்காரர் ஹிலெல் ஸ்லோவாக் 1988இல் ஹெராயினால் இறந்தார். பாடகர் ஆண்டனி கீடிஸுக்கும் அதே பழக்கம். அந்த வருஷமே விட்டார். பாட்டு அதற்கப்புறம் எழுதியது. போதையில் கிடந்தபோது வந்த தனிமை அல்ல அது, விட்டபிறகு வந்தது. குழுவில் மற்றவர்கள் சேர்ந்து கஞ்சா புகைக்கிறார்கள், இவர் ஒட்டமுடியாமல் நிற்கிறார். காரில் தனியே திரும்பும்போது லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் ஒன்றுதான் தனக்கு மிச்சம் என்று தோன்றுகிறது. நோட்டில் எழுதி மூடிவைத்ததைத் தயாரிப்பாளர் ரிக் ரூபின் பார்த்துவிட்டு, பாட்டாக்கச் சொன்னார். தலைப்பில் வரும் பாலம், கீடிஸ் முன்பு போதை வாங்கப் போன இடம்.

எனக்கு இது புரிந்தது மண்டபம் கரையில். சித்தப்பா முறை ஒருவர், விசைப்படகில் போகிறவர், குடியை விட்டார். முதல் மாதம் ஊரே மெச்சியது. படகு கரைக்கு வந்து பங்கு பிரித்ததும் மற்றவர்கள் ஒரே ஆட்டோவில் கடைக்குப் போவார்கள். இவர் காசை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே மடித்த வலையைப் பிரித்துத் திரும்ப மடிப்பார். "வாடான்னும் கூப்பிடல, வராதன்னும் சொல்லல" என்றார் ஒருநாள். வீட்டிலும் அதே கதை. அவர் சத்தம் போட்டால் ஒதுங்கிப் பழகிய பிள்ளைகள், மெல்லப் பேசினாலும் ஒதுங்கின. வாங்கிவந்த பரோட்டாப் பொட்டலம் திண்ணையிலேயே ஆறிக்கிடக்கும்.

இங்கிலாந்து கிதார்காரர் எரிக் கிளாப்டன் கதை தலைகீழ். நண்பர், பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனின் மனைவி பேட்டி பாய்ட் மேல் கொண்ட ஆசையில், 1970இல் 'லைலா' பாடினார். பாரசீகக் கவி நிஜாமியின் லைலா மஜ்னுதான். கீழக்கரைப் பக்கம் அந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. ஏக்கம் முதலில், ஹெராயின் பின்னால். 1979இல் பேட்டியையே கல்யாணமும் செய்துகொண்டார். அப்போதும் குடி நிற்கவில்லை.

ஆகவே, கேளுங்கள். பயப்பட ஒன்றுமில்லை. அப்பாவிடம் எந்தப் பாட்டைச் சொன்னீர்கள் என்று எழுதவில்லையே?

அன்புடன்,
அண்ணன்