ஹாலோவீன் வகுப்பு விளையாட்டுகள்: கேளுங்கள், சொல்கிறேன்

அக்டோபர் பிறந்தால் போதும், பேய் வேஷம் போட்டுக் கொண்டாடும் ஹாலோவீனுக்காக அமெரிக்கப் பள்ளிகளில் ரூம் பேரன்ட், அதாவது வகுப்புப் பார்ட்டிகளை நடத்த டீச்சருக்கு உதவும் பெற்றோர், பொறுப்பை ஏற்றுக்கொண்ட நம்மவர்கள் என்னைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை, எல்லோரும் இங்கேயே கேளுங்கள். எதற்கும் முதலில் டீச்சருக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

அக்கா, இரண்டாம் வகுப்பு, 24 பிள்ளைகள், ஒரு மணி நேரம். என்ன வைக்கலாம்?

ஒரு மணி நேரம் என்று சொன்னால் கையில் கிடைப்பது 45 நிமிடம். வேஷம் போடவும் பாத்ரூம் போய் வரவும் மீதி போய்விடும். 24 பேரையும் ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள். நிற்கிற பிள்ளைதான் பக்கத்துப் பிள்ளையின் தொப்பியை இழுக்கும். நாலு இடமாகப் பிரித்து, இடத்துக்கு ஆறு பேர், பத்துப் பத்து நிமிடம் என்று சுற்றி வர விடுங்கள்.

முதல் இடத்தில் டாய்லெட் பேப்பர் ரோல் பத்தை நாலு, மூணு, இரண்டு, ஒன்று என்று அடுக்கி, காம்பு உடைத்த குட்டிப் பூசணியை உருட்டி அடிக்கச் சொல்லுங்கள். இரண்டாவதில் பிளாஸ்டிக் சிலந்தியை ஸ்ட்ராவால் ஊதி மேசையின் மறு கோடிக்குக் கொண்டுபோகும் பந்தயம். ஆளுக்கு ஒரு புது ஸ்ட்ரா. மூன்றாவது பிங்கோ, நம் தம்போலா மாதிரி. காய்க்கு மிட்டாய் வைத்தால் ஆட்டம் முடியும் முன்பே காய் தீர்ந்துவிடும், பொத்தான் வையுங்கள்.

நாலாவதுதான் என் செல்லம். ஒரு பெரிய டப்பில் தண்ணீர், பக்கத்தில் பெரிய பூசணி. மிதக்குமா, மூழ்குமா என்று கை தூக்கச் சொல்லுங்கள். பாதிப் பேராவது மூழ்கும் என்பார்கள். உள்ளே காற்று நிறைந்த இடம் இருப்பதால் அது ஜம்மென்று மிதக்கும். பிறகு ஆளாளுக்கு அதை அமுக்கிப் பார்ப்பார்கள், அது எகிறி மேலே வரும், சட்டையெல்லாம் நனையும். துண்டு கொண்டுபோங்கள்.

டாய்லெட் பேப்பரைச் சுற்றிப் பிள்ளையை எகிப்திய மம்மியாக்கும் விளையாட்டில் பேப்பர் கிழிந்துகொண்டே இருக்கிறதே?

இரண்டடுக்குப் பேப்பராக வாங்குங்கள். மூன்று பேருக்கு ஒரு ரோல், கையிருப்பாக நாலைந்து. முகத்திலும் கழுத்திலும் சுற்றக் கூடாது. இரண்டு காலையும் சேர்த்துச் சுற்றினால் மம்மி ஓர் அடி வைத்ததும் குப்புற விழும், கால் கால் தனியாகச் சுற்றச் சொல்லுங்கள்.

தண்ணீரில் மிதக்கும் ஆப்பிளை வாயால் கவ்வும் போட்டி?

வேண்டாம். எச்சில் பார்த்து வளர்ந்த நமக்கு இதைச் சொல்லவா வேண்டும்?

பரிசாக மிட்டாய் கொடுக்கலாமா? வீட்டில் செய்த பலகாரம்?

டீச்சருக்கு மெயில். பல பள்ளிகளில் வீட்டுப் பண்டம் வாங்கவே மாட்டார்கள், பொருள் விவரம் அச்சிட்ட கடைப் பாக்கெட்தான் செல்லும். அமெரிக்காவில் 2023 முதல் எள்ளும் முக்கிய ஒவ்வாமைப் பட்டியலில் ஒன்பதாவதாகச் சேர்ந்துவிட்டது, ஆகவே எள்ளுருண்டை வீட்டோடு இருக்கட்டும். கேண்டி கார்ன் என்ற ஹாலோவீன் மிட்டாயில் பெரும்பாலும் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும், சைவப் பிள்ளைகளின் பெற்றோர் கவனிக்க. பென்சில், ஸ்டிக்கர் கொடுத்தால் தலைவலி இல்லை.

மியூசிக்கல் சேர் வைத்தால் என்ன?

24 பேர் ஆடினால் முதலில் அவுட் ஆன பிள்ளை 22 சுற்று சும்மா உட்கார வேண்டும். வைக்காதீர்கள்.

அவுட் இல்லாத ஆட்டமும் ஒரு ஆட்டமா மேடம்? தோற்கப் பழக வேண்டாமா? பம்பரத்தில் தோற்றுத்தானே வளர்ந்தோம்!

சார், பம்பரத்தில் தோற்றவனை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. அவன் பம்பரம் வட்டத்துக்குள் கிடந்து குத்து வாங்கும், அவனும் கூடவே கத்திக்கொண்டு ஆட்டத்தில்தான் இருப்பான். நான் தோல்வியை எதிர்க்கவில்லை, சும்மா உட்கார வைப்பதைத்தான்.

என் மகன் போன வருடம் முதல் சுற்றிலேயே அவுட். மேசைக்கடியில் போய் உட்கார்ந்தவன் பார்ட்டி முடியும்வரை வெளியே வரவில்லை. அக்கா சொல்வதுதான் சரி.

பாருங்கள் சார்.

ஒரு பையன் அழுதான் என்பதற்காக எல்லோருக்கும் போட்டியே கூடாதா? கடைசியில் யார் ஜெயித்தார் என்றே தெரியாதே!

தெரியாமல் போகட்டுமே. அதைப் பிள்ளைகளைவிடப் பெற்றோர்தான் அதிகம் கேட்கிறார்கள். சரி, உங்களுக்காக ஒரு வழி: காகிதப் பூசணிகளைத் தரையில் டேப் போட்டு ஒட்டுங்கள், டேப் இல்லாவிட்டால் வழுக்கும். பாட்டு நிற்கும்போதெல்லாம் பூசணியை மட்டும் குறையுங்கள், பிள்ளைகளைக் குறைக்காதீர்கள். கடைசி இரண்டு பூசணியில் எத்தனை பேர் ஒரு காலையாவது வைக்க முடிகிறது என்பதே போட்டி. பக்கத்து வகுப்போடு எண்ணிக்கையை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், உங்களுக்கும் ஜெயிக்க ஆள் கிடைத்துவிடும். இந்த வாதம் இத்தோடு போதும்.

சாக்லேட் கொண்டுபோகலாமா?

மேலே படியுங்கள். மெயில்.

டிரை ஐஸ் போட்டுப் புகை வரவைத்தால்?

உறைந்த கார்பன் டை ஆக்சைடு அது, மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். பிள்ளை கை வைத்தால் தோல் உறைந்து புண்ணாகிவிடும். கூடாது.

எங்கள் பள்ளியில் ஹாலோவீன் என்றே சொல்லக் கூடாதாம், ஃபால் (இலையுதிர்கால) பார்ட்டியாம்.

மத நம்பிக்கையால் கொண்டாடாத குடும்பங்கள் உண்டு, யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் மாதிரி. பேயை எடுத்துவிட்டு இலை, பூசணி, சோளக்கொல்லை பொம்மை என்று மாற்றுங்கள். ஆட்டம் அதேதான்.

நட்ஸ் இல்லாத மிட்டாய் எது?

மெயில்!

ஐந்தாம் வகுப்புக்கு இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டாகத் தெரியாதா?

தெரியும். அவர்களுக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி வையுங்கள், உள்ளே என்ன என்று கையை விட்டுத் தடவிச் சொல்ல வேண்டும். கண்விழிக்குப் பதில் உரித்த திராட்சை. மூளைக்கு எல்லோரும் நூடுல்ஸ் வைப்பார்கள். கோதுமை ஒவ்வாத பிள்ளை இருந்தால் ஆறிப்போன இடியாப்பம் வையுங்கள், கொஞ்சம் எண்ணெய் தடவினால் இன்னும் அருவருப்பாக இருக்கும். திராட்சை உரிக்க மட்டும் வீட்டில் ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள்.